அயர்லாந்துக் கடற்கரையில் கோல்ஃப்: காற்றும் மழையும் பற்றி வாசகர் கேள்விகள்

2025 ஜூலையில் வடக்கு அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் ஓபன் சாம்பியன்ஷிப் நடந்தது. அதன் பிறகு, அயர்லாந்துத் தீவின் கடலோர கோல்ஃப் மைதானங்களைப் பற்றியும், அங்கே ஒரே நாளில் மாறி மாறி வரும் காற்று, மழை, வெயில் பற்றியும் வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றியே கேள்விகள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தொலைக்காட்சியில் பார்த்தபோது போர்ட்ரஷ் மைதானத்தில் நிழலுக்குக்கூட ஒரு மரம் தென்படவில்லை. மேடும் பள்ளமுமாக, பராமரிப்பே இல்லாத நிலம்போல இருந்தது. இப்படிப்பட்ட லிங்க்ஸ் மைதானங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?
— வாசகர், கோவை

பதில்: கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையில் கிடக்கும் மணற்பாங்கான பகுதியில் அமைந்தவைதான் லிங்க்ஸ் மைதானங்கள். அந்த மேடுகளையும் பள்ளங்களையும் பெரும்பாலும் யாரும் வெட்டி உருவாக்கவில்லை. கடல் ஒதுக்கிய மணலைக் காற்று பல நூற்றாண்டுகளாகக் குவித்து வைத்தது. மாரம் என்ற கடலோரப் புல் வேர்விட்டு அந்தக் குன்றுகளைப் பிடித்துக்கொண்டது. உழவுக்கு உதவாத, ஆடு மேய்க்க மட்டுமே பயன்பட்ட அந்த நிலத்தில்தான் ஆட்டக்காரர்கள் இயற்கையாகவே அமைந்த சமதரைகளைத் தேடிக் குழிகளை வைத்தார்கள். ஆகவே நீங்கள் பார்த்தது பராமரிப்பின்மை அல்ல. அந்த நிலத்தின் இயல்பை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இதன் அருமை தரையில் இருக்கிறது. மணலில் விழும் மழைநீர் தேங்காமல் உடனே உள்ளே இறங்கிவிடும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில், காலையில் நனைந்த ஃபேர்வே (குழியை நோக்கிச் செல்லும் குட்டைப் புல் பாதை) மதியத்துக்குள் மீண்டும் இறுகி, பந்து உருண்டோடத் தகுந்ததாகிவிடுவதற்குக் காரணம் இதுவே. மெல்லிய ஃபெஸ்கியூ புல் அந்த வளமற்ற மணலில் குட்டையாகவும் உறுதியாகவும் வளர்கிறது. உள்நாட்டுப் பூங்கா மைதானங்களில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே அது விழுந்த பிறகு இன்னும் முப்பது நாற்பது கெஜம் ஓடுவது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். பிறகு, அந்த ஓட்டத்தையும் சேர்த்துத் திட்டமிடுவதே இந்த ஆட்டத்தின் பாதி என்பது புரியும். மற்றொரு பாதி காற்று. அதைத் தடுக்க அங்கே மரமே இல்லை.

கேள்வி: நண்பர் ஒருவர் அயர்லாந்தில் ஆடிய ஒரே சுற்றில் வெயில், சாரல், ஆலங்கட்டி எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறார். இது மிகைப்படுத்தலா? சென்னையைவிட அங்கே மழை அதிகமா?
— வாசகி, சென்னை

பதில்: அவர் மிகைப்படுத்தவில்லை. மழையின் அளவை மட்டும் பார்த்தால் உங்கள் ஊருக்கும் அயர்லாந்தின் மேற்குப் பகுதிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அயர்லாந்தின் மேற்கில் பெரும்பாலான இடங்களில் 1,000 முதல் 1,400 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. வேறுபாடு பெய்யும் விதத்தில்தான். சென்னையின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அங்கே அதே மழை ஆண்டின் எல்லா மாதங்களுக்கும் பங்கிடப்பட்டு, சிறு சிறு தவணைகளாக வருகிறது. அயர்லாந்தின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் ஆண்டுக்குச் சுமார் 150 நாட்களும், மேற்கின் சில பகுதிகளில் சுமார் 225 நாட்களும் மழை நாட்கள் என்று அந்நாட்டு வானிலைத் துறையான மெட் ஏரன் கணக்கிடுகிறது.

மாற்றத்தின் வேகத்துக்குக் காரணம் அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கிலிருந்து வரும் காற்று, நடுவில் எந்த நிலமும் குறுக்கிடாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து, முதன்முதலாக முட்டும் கரை அயர்லாந்துதான். காற்றழுத்தத் தாழ்வு நிலைகள் அடுத்தடுத்து அத்தீவின் வடமேற்கு வழியாகக் கடந்துபோகும்போது, முதலில் வெப்பக் காற்றின் முகப்பு வந்து மேகத்தைத் தாழ்த்தி நிதானமான மழையைக் கொடுக்கிறது. பிறகு குளிர்க் காற்றின் முகப்பு வந்து சற்று நேரம் பலமாகக் கொட்டிவிட்டு, தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்றை வடமேற்குக்குத் திருப்பிவிடுகிறது. அதன் பின்னால் வானம் வெளுத்துவிடும். ஆனால் அதுவும் நிலைக்காது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்று, தன்னைவிட வெப்பமான கடல்மீது நகரும்போது கீழிருந்து சூடாகி மேலெழுந்து, ஆங்காங்கே மழை மேகங்களை உருவாக்கும். அவை ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம் பெய்துவிட்டு நகர்ந்துவிடும். இடையிடையே கண்ணைக் கூசும் வெயில் அடிக்கும். பதினெட்டுக் குழிகள் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பதால், இந்த மாற்றங்கள் எல்லாமே ஒரே சுற்றுக்குள் அடங்கிவிடுவதில் வியப்பில்லை.

ஆட்டக்காரருக்கு இதில் முக்கியமானது காற்றின் திசை திரும்புவதுதான். மழை நனைக்க மட்டுமே செய்யும். திசை மாறிய காற்றோ, போகும்போது எதிர்த்தது திரும்பும்போது துணைநிற்கும் என்று நீங்கள் போட்டு வைத்திருந்த கணக்கு முழுவதையும் கலைத்துவிடும்.

கேள்வி: எதிர்காற்றில் எவ்வளவு பலமாக அடித்தாலும் என் பந்து மேலே எழும்பி, முன்னால் போகாமல் செங்குத்தாக விழுகிறது. பலமாக அடித்தால் தூரம் கூடத்தானே வேண்டும்?
— வாசகர், திருச்சி

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் லிங்க்ஸ் மைதானத்தில் ஒருவருடைய நாள் நல்லபடியாகக் கழிவதும் கழியாததும் பெரும்பாலும் இதைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தது.

மட்டை பந்தைத் தொடும்போது, பந்து முன்னால் பாய்வதோடு பின்னோக்கிச் சுழலவும் செய்கிறது. அந்தப் பின்சுழற்சிதான் பந்தை மேலே தூக்கிப் பிடிக்கும் விசையைத் தருகிறது. இந்தத் தூக்கு விசையும், பந்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடையும், பந்துக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேக வேறுபாட்டைப் பொறுத்தவை; வேகம் கூடக்கூட இவை அதைவிட அதிகமான வீதத்தில் கூடும். எதிர்காற்று அந்த வேறுபாட்டை உயர்த்துவதால், பந்து வழக்கத்தைவிட அதிகமாக மேலே ஏறுகிறது, வழக்கத்தைவிட அதிகமாகத் தடைபடுகிறது, கடைசியில் முன்னேறும் வலுவை இழந்து விழுகிறது. நீங்கள் பலமாக அடிக்கும்போது சுழற்சியும் சேர்ந்தே கூடுகிறது. அதாவது, காற்று பிடித்துக்கொள்ள வாகான பந்தை நீங்களே அனுப்பி வைக்கிறீர்கள். பக்கச் சாய்வும் இதேபோல் பெரிதாகும். அமைதியான நாளில் சற்றே வலப்பக்கம் வளைந்து ஃபேர்வேயின் ஓரத்தில் நிற்கும் பந்து, எதிர்காற்றில் புதருக்குள் போய்விடும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. வழக்கமாக எடுக்கும் மட்டையைவிட இரண்டு அல்லது மூன்று எண் நீளமான மட்டையை எடுங்கள். கைப்பிடியில் ஓரிரு அங்குலம் கீழே பிடியுங்கள். பந்தை உங்கள் நிற்பில் சற்றுப் பின்பாதத்தின் பக்கம் வையுங்கள். முக்கால் வீச்சில், அவசரமில்லாமல், சமநிலை குலையாமல் அடித்து, அடித்த பின் கைகள் மார்பளவு உயரத்திலேயே நின்றுவிடும்படி முடித்துக்கொள்ளுங்கள். பந்து தாழப் பறந்து, காற்றுக்குக் கீழாகப் போய் விழுந்து ஓடும். அயர்லாந்துச் சிறுவர்கள் நடக்கத் தெரிந்த நாள் முதல் பார்த்து வளரும் அடி இது.

தூரக் கணக்குக்கு ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் எளிய வழி ஒன்று உண்டு. எதிர்காற்றின் வேகத்தில் மணிக்கு ஒவ்வொரு மைலுக்கும் தூரத்தில் ஒரு சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பின்காற்றானால் அரை சதவீதத்தை மட்டும் கழிக்க வேண்டும். மணிக்கு 20 மைல் வேகத்தில் எதிர்காற்று வீசினால், 150 கெஜம் தொலைவிலுள்ள கொடிக்கு 180 கெஜத்துக்கான மட்டை தேவை. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 135 கெஜத்துக்கான மட்டை போதும். எதிர்காற்று பறித்துக்கொள்வதைப் பின்காற்று முழுமையாகத் திருப்பித் தருவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பின்காற்றில் வரும் பந்து தூக்கு விசை குறைந்து தட்டையாக இறங்குவதால், கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) நேரடியாக விழுந்தால் நிற்காமல் மறுபக்கம் ஓடிவிடும். கிரீனுக்கு இருபது முப்பது கெஜம் முன்னாலேயே விழவைத்து உருட்டி ஏற்றுவதுதான் பாதுகாப்பானது.

கிரீனுக்கு அருகில் வந்தபின் இன்னும் ஒரு சொல். உயரத் தூக்கிப் போடும் வெட்ஜ் மட்டையைக் காற்றடிக்கும் நாளில் பையிலேயே விட்டுவிடுங்கள். புல் குட்டையாக இருக்கும் இடத்திலிருந்து, பந்து கிரீனுக்கு வெளியே பதினைந்து கெஜத்தில் கிடந்தாலும்கூட, பந்தைத் தரையில் உருட்டும் மட்டையான பட்டரால் தட்டி உருட்டலாம். உள்ளூர் ஆட்டக்காரர்கள் இதைத் தயக்கமே இல்லாமல் செய்கிறார்கள்.

கேள்வி: காற்றில் பட்டிங் செய்யும்போது என் உடலே ஆடுகிறது. நான் அடிப்பதற்குள் பந்து தானாக நகர்ந்துவிட்டால் விதி என்ன சொல்கிறது?
— வாசகர், ஊட்டி

பதில்: விதி இதில் தெளிவாக இருக்கிறது. காற்று பந்தை நகர்த்தினால் யாருக்கும் அபராதம் கிடையாது. கிரீனில் உள்ள பந்தை நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை அடையாளமிட்டு எடுத்துத் திரும்ப வைத்திருந்தால், அது நகர்ந்தபின் பழைய இடத்திலேயே மீண்டும் வைக்க வேண்டும். ஒருமுறைகூட எடுத்திராவிட்டால், காற்று கொண்டுபோய் நிறுத்திய புதிய இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். அது குழிக்கு அருகில் போயிருந்தாலும் சரி, கிரீனைவிட்டே இறங்கிப் போயிருந்தாலும் சரி. ஆகையால் பலத்த காற்றுள்ள நாளில் கிரீனை அடைந்ததும் முதல் வேலையாகப் பந்தை அடையாளமிட்டு எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்துவிடுங்கள். அதன் பிறகு காற்று அதை எங்கே உருட்டினாலும் உங்கள் இடம் உங்களுக்கு உண்டு.

உடல் ஆடுவதற்கு, கால்களை வழக்கத்தைவிட நன்றாக அகற்றி ஊன்றி, முழங்கால்களைச் சற்று மடக்கி, பட்டரின் கைப்பிடியில் கீழே இறக்கிப் பிடியுங்கள். குறுகிய வீச்சாக இருக்கட்டும். பந்தின்மேல் நெடுநேரம் குனிந்து நின்றுகொண்டு காற்று ஓயக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே அது ஓய்வதில்லை. காத்திருக்கக் காத்திருக்கத் தோள்தான் இறுகிப்போகும்.

கேள்வி: மழை பிடித்துக்கொண்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: நண்பர்களோடு ஆடும் ஆட்டமானால் உங்கள் விருப்பம். போட்டியில், மழை பெய்கிறது என்பது மட்டுமே நிறுத்துவதற்குப் போதுமான காரணமாகாது. நடத்துபவர்கள் நிறுத்தச் சொல்ல வேண்டும். மின்னல் மட்டும் விதிவிலக்கு. மின்னலால் ஆபத்து என்று உங்களுக்கு நியாயமாகத் தோன்றினால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நிறுத்திவிடலாம், நிறுத்தவும் வேண்டும். மரமே இல்லாத மணல்மேட்டில் உலோகக் கம்பியை ஓங்கிக்கொண்டு நிற்பது வீரமாகாது. மழைநீர் தற்காலிகமாகத் தேங்கிய இடத்தில் பந்தோ உங்கள் பாதமோ இருந்தால், அபராதமில்லாமல் அருகிலுள்ள உலர்ந்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பங்க்கர் என்ற மணற்குழியில் அப்படி நேர்ந்தால் பங்க்கருக்குள்ளேயேதான் மாற்ற வேண்டும். வெளியே எடுக்க விரும்பினால் ஓர் அடி (ஸ்ட்ரோக்) அபராதம்.

கேள்வி: ஜூலையில் போகிறோம். குடை, மெல்லிய மழைக்கோட்டு இரண்டும் போதுமா?
— வாசகி, பெங்களூரு

பதில்: போதாது. குடையை நம்பியே போகாதீர்கள். கடற்காற்று அதை முதல் சில குழிகளுக்குள் தலைகீழாக மடக்கிவிடும். காற்று அனுமதிக்கும் நேரத்தில் மட்டைகளின் கைப்பிடியை மூடி வைக்க அது உதவலாம், அவ்வளவுதான். ஜூலையிலும் பகல் வெப்பம் கடலோரத்தில் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழேயே இருக்கும். நனைந்த உடம்பில் காற்று படும்போது அதைவிட எவ்வளவோ குளிராகத் தோன்றும்.

நல்ல தரமான, நீர் புகாத மேற்சட்டையும் கால்சட்டையும் கட்டாயம் தேவை. கடையில் வாங்கும்போது அதை அணிந்துகொண்டு முழு வீச்சும் வீசிப் பாருங்கள். தோளில் பிடித்தால் வேண்டாம். கால்சட்டையின் பக்கவாட்டில் முழங்கால் வரை ஜிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் காலணியைக் கழற்றாமலே மாட்டிக்கொள்ளலாம். மழை வந்த பிறகு மாட்டுவதைவிட, கடல் பக்கம் சாம்பல் திரை இறங்குவதைக் கண்டதுமே மாட்டிக்கொள்வது நல்லது. ஒரே தடித்த ஆடைக்குப் பதிலாக மெல்லிய கம்பளி ஆடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணியுங்கள். வெயில் வரும்போது ஒன்றைக் கழற்றிவிடலாம். காதை மூடும் கம்பளித் தொப்பியும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கையின் பிடி. வழக்கமான தோல் கையுறை நனைந்ததும் வழுக்கத் தொடங்கும். மழைக்கென்று விற்கும் துணிக் கையுறை நனைய நனையத்தான் நன்றாகப் பற்றும். அதை இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஜோடியாகவே விற்கிறார்கள். துண்டுகள் நான்கைந்து எடுத்துச் செல்லுங்கள். ஒன்று பைக்கு வெளியே தொங்கட்டும். மற்றவற்றை பிளாஸ்டிக் உறையில் கட்டி உள்ளே வையுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் விளிம்புள்ள தொப்பியும், சட்டைப்பைக்குள் ஓர் உலர்ந்த சிறு துணியும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு என்று என் கணவர் சொல்கிறார். உங்கள் கருத்து?
— வாசகி, கொழும்பு

பதில்: மற்ற இடங்களில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அறிமுகமில்லாத லிங்க்ஸ் மைதானத்தில், அதுவும் காற்றோடு, முதல் சுற்றுக்கேனும் கேடி வைத்துக்கொள்வதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

கிளேர் மாவட்டத்தில் 1892இல் தொடங்கப்பட்ட லஹிஞ்ச் கிளப்பின் ஐந்தாவது குழியை எடுத்துக்கொள்ளுங்கள் (முதல் அடியை அடிக்கும் இடமான டீயிலிருந்து குழிவரை உள்ள பகுதி முழுவதையும் குழி என்றே சொல்வார்கள்). ‘டெல்’ என்று பெயர். ஸ்காட்லாந்தின் ஓல்டு டாம் மாரிஸ் 1894இல் அந்த மைதானத்தை வகுத்த காலத்திலிருந்தே புகழ்பெற்றது. சுமார் 150 கெஜம் நீளமுள்ள, மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி. டீயில் நின்று பார்த்தால் எதிரே புல் மூடிய உயரமான மணற்குன்று ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாது. கிரீன் அந்தக் குன்றுக்கும் பின்னாலுள்ள இன்னொரு குன்றுக்கும் இடையில் பள்ளத்தில் ஒளிந்திருக்கிறது. குன்றின் முகத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று இருக்கும். அன்றைக்குக் கொடி எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக அந்தக் கல்லை மாற்றி வைப்பார்கள். நீங்கள் அந்தக் கல்லுக்கு மேலாக அடித்துவிட்டு நடந்துபோய்த்தான் முடிவைத் தெரிந்துகொள்ள முடியும். இங்கே காற்று இரண்டு விதமாக இருக்கிறது. குன்றின் உச்சிக்கு மேல் கடற்காற்று முழு வலுவோடு வீசுகிறது; பள்ளத்துக்குள் காற்று மிகவும் தணிந்திருக்கிறது. டீயில் நின்று முகத்தில் படும் காற்றை மட்டும் வைத்து மட்டையைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவார். எந்தக் காற்றில் எந்த மட்டை என்பதை அங்கே பல ஆண்டுகள் நடந்து பழகியவர் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பணம்.

டவுன் மாவட்டத்தின் நியூகாசில் ஊரிலுள்ள ராயல் கவுண்டி டவுன் மைதானத்திலும், மோர்ன் மலைகளின் அடிவாரத்தில், இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி அடிக்க வேண்டிய இடங்கள் பல உண்டு. கேடி என்பவர் பந்து விழும் இடத்தையும் கவனித்து வைப்பார். பந்தைத் தேடுவதற்கு விதி அனுமதிப்பது மூன்றே நிமிடங்கள் என்பதால், மழையில் மாரம் புல்லுக்குள் தேடும்போது இதன் அருமை தெரியும்.

கேள்வி: லஹிஞ்சில் ஆடுகளைப் பார்த்து வானிலை சொல்வார்களாமே, உண்மையா?
— வாசகர், சேலம்

பதில்: உண்மைதான். அந்த மைதானத்தின் மணற்குன்றுகளில் ஆடுகள் மேய்வது நெடுநாள் வழக்கம். அவை கிளப் கட்டடத்தின் அருகே வந்து ஒதுங்கினால் மோசமான வானிலை வருகிறது என்றும், தொலைவில் குன்றுகளில் மேய்ந்தால் நல்ல வானிலை என்றும் உள்ளூரார் கொண்டார்கள். கிளப்பின் காற்றழுத்தமானி பழுதானபோது அதன்மேல் ‘ஆடுகளைப் பார்க்கவும்’ என்று எழுதி வைத்ததாகச் சொல்வார்கள். கிளப்பின் சின்னத்திலும் ஆடுதான் இருக்கிறது.

கேள்வி: காலையில் ஆடியவருக்கு வெயில், மதியம் ஆடியவருக்குப் புயல் என்றால் அது எப்படி நியாயமான போட்டியாகும்? திறமைக்கு என்ன மதிப்பு? எனக்கு ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப மொத்த அடிகளில் கழித்துத் தரும் சலுகை) 16. அங்கே போய் அவமானப்பட வேண்டுமா என்று தயங்குகிறேன்.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: போட்டிகளில் நேரத்தால் வரும் அதிர்ஷ்டம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் திறமை அங்கே குறைந்த மதிப்பு பெறுகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2019இல் போர்ட்ரஷ்ஷில் நடந்த ஓபனைப் பாருங்கள். சனிக்கிழமை காற்று அடங்கியிருந்தபோது அயர்லாந்தின் ஷேன் லோரி 63 அடிகளில் சுற்றை முடித்தார். ஞாயிற்றுக்கிழமை வானிலை மோசமாகும் என்ற எச்சரிக்கையால் ஆட்டத்தை முன்கூட்டியே தொடங்கினார்கள். எதிர்பார்த்தபடியே மழையும் காற்றும் வந்தன. அன்று அதே லோரி எடுத்த அடிகள் 72. முந்தைய நாளைவிட 9 அடிகள் அதிகம். அப்படியும் அவர் 6 அடி வித்தியாசத்தில் வென்றார், ஏனெனில் அவரோடு இணைந்து ஆடிய டாமி ஃப்ளீட்வுட் 74 எடுத்தார். அன்று காலை மூன்றாம் இடத்தில் இருந்த ஜே. பி. ஹோம்ஸ் 87 எடுத்தார். லோரியின் 63ஐத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் மதிப்பீட்டில் பெரிய சாதனை அந்த 72தான். நனைந்த கையுறையோடு, ஒவ்வொரு போகியையும் (பார் என்று குழிக்கு நிர்ணயித்த அடிகளைவிட ஓர் அடி அதிகம்) பதற்றமில்லாமல் ஏற்றுக்கொண்டு, அடுத்த டீக்கு நடந்துபோனதால் வந்த வெற்றி அது. அவர் இப்படிப்பட்ட வானிலைக்குப் புதியவரும் அல்லர். 2009இல் இன்னும் தொழில்முறை ஆட்டக்காரராக ஆகாத நிலையிலேயே, பால்ட்ரேயில் மோசமான காற்றுக்கும் மழைக்கும் நடுவில் ஐரிஷ் ஓபனை வென்றவர்.

ஐரிஷ் ஓபனின் இன்னும் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 2015இல் குளிர்காற்று வாட்டிய ராயல் கவுண்டி டவுனில், பாரைவிட 2 அடிகள் மட்டுமே குறைவாக எடுத்து சோரன் கெல்சன் வென்றார். 2019இல் லஹிஞ்சில் ஜான் ராம் வென்றபோது பாரைவிட 16 அடிகள் குறைவு. இருவரும் சாம்பியன்கள்தான். ஆகவே அடிகளைக் குறிக்கும் அட்டையில் அச்சிட்ட பாருக்கு அங்கே பெரிய பொருள் இல்லை. அன்றைய வானிலைக்கு ஒரு பார் உண்டு, அதை நாம்தான் மனத்தில் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். 420 கெஜ நீளக் குழியில் எதிர்காற்று வீசும் நாளில் உங்களுக்கு ஐந்து அடிகள் நல்ல கணக்கு, ஆறும் மோசமில்லை.

உங்களுக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது. மொத்த அடிகளை எண்ணாமல் ஸ்டேபிள்ஃபோர்டு புள்ளி முறையில் ஆடுங்கள். ஹேண்டிகேப் சலுகையைக் கழித்தபின் போகிக்கு 1 புள்ளி, பாருக்கு 2, பேர்டிக்கு (பாரைவிட ஓர் அடி குறைவு) 3. போகியைவிட மோசமானால் பூஜ்யம், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். காற்று ஒரு குழியில் உங்களை எவ்வளவு அலைக்கழித்தாலும் இழப்பு அந்த ஒரு குழியோடு நின்றுவிடும். இங்கிலாந்தின் காற்று வீசும் கடலோரத்திலுள்ள வாலஸி கிளப்பில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு 1932இல் இந்த முறையை அறிமுகப்படுத்தியதற்குக் காரணமே, பலத்த காற்றில் சாதாரண ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மனம் தளர்ந்து அட்டையைக் கிழித்துவிடக் கூடாது என்பதுதான். தயங்காமல் போங்கள். அங்கே யாரும் உங்கள் அடிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எந்த வேளையில் ஆடினீர்கள், காற்று எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? ஒரு வாரத்தில் எத்தனை மைதானங்களைப் பார்த்துவிட முடியும்?
— வாசகர், துபாய்

பதில்: மே, ஜூன் மாதங்களைச் சொல்வேன். சராசரியாக அங்கே அதிக நேரம் வெயில் கிடைப்பவை அவை. ஜூனில் மேற்குக் கரையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், காலை மழையில் தவறவிட்டதை மாலையில் ஆடிவிடலாம்.

ஏழு நாளில் ஏழு மைதானங்கள் என்று திட்டமிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கெர்ரி மாவட்டத்தின் பாலிபூனியனில் முதல் டீயின் வலப்பக்கமே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கடலிலிருந்து அதை நோக்கித் தள்ளும் காற்றில் அந்த முதல் அடி எவ்வளவு நெஞ்சைப் பிசையும் என்பதும், காற்று திரும்பிய நாளில் அதே அடி எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பதும் இரண்டு நாள் ஆடியவருக்குத்தான் தெரியும். டப்ளினுக்கு அருகிலுள்ள போர்ட்மார்னாக்கில் குழிகள் அடிக்கடி திசை மாறுவதால், காற்று எங்கிருந்து வந்தாலும் உங்களை எல்லாப் பக்கத்திலும் சோதித்துவிடும். மூன்று மைதானங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு முறை ஆடுங்கள். தென்மேற்குக் காற்றில் ஒருமுறை, வடமேற்குக் காற்றில் ஒருமுறை ஆடக் கிடைத்தால் ஆறு மைதானங்களைப் பார்த்ததற்குச் சமம்.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மழை பெய்தது என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மைதானத்தையே மூடினால் என்ன செய்வார்கள், வேறு நேரம் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பல இடங்களில் பேட்டரி வண்டிகள் குறைவு, மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கும் கிளப்புகளும் உண்டு. மணல்மேடுகளில் ஏறி இறங்கி நான்கைந்து மணி நேரம் நடக்க வேண்டும் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு மாதங்கள் முன்பே தினமும் நடக்கத் தொடங்கிவிடுங்கள்.